என்ஜினுக்கு எந்த எண்ணெய்? எண்ணைப் பார்த்து வாங்குவீர்!

நெற்பயிர் பூத்துப் பால் பிடிக்கும் தருணத்தில் தண்ணீர் தட்டினால் கதிர் பதராகிவிடும் என்பது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. அந்த நேரம் பார்த்து ஆயில் என்ஜின் 'ஜாம்' ஆகி நின்றுவிட்டால் ஏற்படும் இழப்பு கொஞ்சநஞ்சமல்ல. மெக்கானிக் வந்து என்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பேரிங் உருகியிருக்கும், கிராங்க் தண்டு கோடு விழுந்திருக்கும், பிஸ்டன் லைனரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று தண்டைக் கடைந்து, புதிய பேரிங், லைனர், ரிங் மாட்டி என்ஜினை மீண்டும் ஓட வைக்க ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் பயிர் காய்ந்துவிடும்.

இத்தகைய பழுதுகளை ஆராய்ந்தால் பல இடங்களில் காரணம் ஒன்றாகவே இருக்கும். என்ஜினுக்குப் பொருந்தாத எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். அல்லது மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றாமலும் அளவு பார்க்காமலும் விட்டிருப்பார்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதி தள்ளிப்போகும் ஆண்டுகளில் காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை நாற்றங்கால்கள் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியே நிற்கின்றன. மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், வாய்க்காலிலிருந்து இறைத்துப் பாய்ச்சுவோரும் இன்றும் டீசல் என்ஜினைத்தான் நம்பியிருக்கின்றனர். எனவே கடையில் எண்ணெய் டின்னைக் கையில் எடுக்கும்போது அதன் மேல் உள்ள எண்களையும் எழுத்துக்களையும் படிக்கத் தெரிந்திருப்பது மிகவும் அவசியம்.

மசகு செய்யும் வேலை

முன்பு மாட்டு வண்டிக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அச்சில் மசகு போடுவார்கள். மசகு தீர்ந்த வண்டி கிறீச்சிடும், மாடு திணறும், அச்சு தேயும். என்ஜினுக்குள் நடப்பதும் இதுவே. ஆனால் வண்டிச் சக்கரம் நிமிடத்திற்குச் சில சுற்றுகளே சுற்றும். ஆயில் என்ஜினின் கிராங்க் தண்டோ நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள் சுற்றும்.

இந்த வேகத்தில் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே தலைமயிரை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டாகி, தண்டைத் தாங்கி நிற்கிறது. உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. இந்தப் படலம் அறுந்தால் சில நிமிடங்களில் பேரிங் உருகிவிடும். இதைத் தவிர, எண்ணெய் பிஸ்டனின் சூட்டைக் கடத்துகிறது. ரிங்குகளுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள சந்தை அடைத்து அழுத்தம் குறையாமல் காக்கிறது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்கிறது. அமிலத்தை முறித்துத் துரு ஏறாமல் தடுக்கிறது.

'கனம்' என்பது எடை அன்று

"கனமான எண்ணெய் கொடுங்கள்" என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. இங்கே கனம் என்பது எடையைக் குறிப்பதன்று. எந்த ரக என்ஜின் எண்ணெயானாலும் 1 லிட்டர் ஏறத்தாழ 900 கிராமுக்குள்தான் இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறுவது ஓடும் தன்மை. இதைப் பாகுத்தன்மை என்பார்கள். வெல்லப் பாகு சூட்டில் சரளமாக ஊற்ற வரும். ஆறினால் கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் அப்படியே. சூடேற ஏற நீர்த்துப்போகும், குளிரக் குளிரக் கெட்டியாகும்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். பாகுத்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். சாதாரண அறை வெப்பத்தில் தண்ணீருக்கு இது ஏறத்தாழ 1. எஸ்.ஏ.இ. 40 எண்ணெய்க்கு 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 140. அதே எண்ணெய் 100 டிகிரியில் ஏறத்தாழ 14. அதாவது, என்ஜின் சூடேறி வேலை செய்யும்போது எண்ணெய் பத்தில் ஒரு பங்காக நீர்த்துவிடுகிறது. ஆகவே விரலில் தேய்த்துப் பார்த்து "கெட்டியாக இருக்கிறது, நல்ல எண்ணெய்" என்று முடிவு செய்வது சரியன்று. விரலின் சூடு வேறு, பேரிங்கின் சூடு வேறு.

எண்களின் பொருள்

டின்னில் காணும் எஸ்.ஏ.இ. என்பது 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமைந்த மோட்டார் வண்டிப் பொறியாளர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். இச்சங்கம் 1911-இல் எண்ணெய்களைப் பாகுத்தன்மைப்படி முதன்முறையாக வகைப்படுத்தியது. பின்னர் பல முறை திருத்தப்பட்ட அந்த வகைப்பாட்டையே இன்றும் உலகம் பின்பற்றுகிறது.

டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து சேராத எண், 100 டிகிரி செல்சியஸில், அதாவது சூடான என்ஜினில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. எஸ்.ஏ.இ. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, எஸ்.ஏ.இ. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, எஸ்.ஏ.இ. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. எண் கூடினால் எண்ணெய் கெட்டி.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 15டபிள்யூ, 20டபிள்யூ என்னும் எண்கள், கடுங்குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு தடை செய்யும் என்பதைச் சோதித்து வழங்கப்படுபவை. இந்த எண் குறையக் குறையக் குளிரில் எளிதாக ஓடும்.

ஒற்றை ரகமும் பல்ரகமும்

எஸ்.ஏ.இ. 30, எஸ்.ஏ.இ. 40 என்று ஒரே எண் உள்ளவை ஒற்றை ரக எண்ணெய்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்று இரண்டு எண்கள் உள்ளவை பல்ரக எண்ணெய்கள். பல்ரக எண்ணெயில் சூட்டில் அதிகம் நீர்த்துப்போகாமல் காக்கும் சேர்க்கைப் பொருள் கலந்திருக்கும். 15டபிள்யூ-40 எண்ணெய் 100 டிகிரியில் எஸ்.ஏ.இ. 40 எண்ணெயைப் போலவே இருக்கும். ஆனால் ஆறிய நிலையில் அதைவிடச் சரளமாக ஓடும்.

இதனால் விவசாயிக்கு என்ன நன்மை? இரவெல்லாம் நின்ற என்ஜினில் எண்ணெய் முழுவதும் அடியில் உள்ள தொட்டிக்கு வடிந்திருக்கும். காலையில் கிளப்பியவுடன் அது மேலேறி எல்லாப் பாகங்களையும் எட்டும் வரை உலோகங்கள் உரசுகின்றன. என்ஜினின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்தச் சிறு நேரத்தில்தான் ஏற்படுகிறது. சரளமாக ஓடும் எண்ணெய் விரைவில் மேலேறுவதால் தேய்மானம் குறையும். ஹேண்டில் போட்டுச் சுழற்றும் என்ஜினில் கைக்கும் பாடு குறைவு.

சமவெளி மாவட்டங்களில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும், மார்கழியில் மிதமான குளிருமே உண்டு. இங்கு 15டபிள்யூ, 20டபிள்யூ இரண்டுமே கிளம்பும். ஆனால் நீலகிரியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களில் அதிகாலையில் பம்பு கிளப்புவோர் எஸ்.ஏ.இ. 40 என்ற ஒற்றை ரகத்தை ஊற்றினால், அது பாகு போல் இறுகி என்ஜினைச் சுழல விடாது. மலைப்பகுதியினர் கையேடு அனுமதிக்கும் வரை 15டபிள்யூ-40 போன்ற பல்ரகத்தைப் பயன்படுத்துவது நல்லது.

எந்த என்ஜினுக்கு எது?

முதல் விதி: என்ஜினுடன் வந்த கையேட்டில் என்ன குறித்திருக்கிறதோ அதுவே சரி. கையேடு தொலைந்திருந்தால் என்ஜினின் பெயர்ப் பலகையில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துச் சென்று விற்பனையாளரிடம் கேட்டுப் பெறலாம். பொதுவாக நினைவில் வைக்க வேண்டியவை வருமாறு.

மெதுவாகச் சுழலும் பழைய மாதிரி ஆயில் என்ஜின்கள் நிமிடத்திற்கு 650 சுற்றுகள் அளவிலேயே ஓடுபவை. இவற்றின் பாகங்களுக்கு இடையே சந்து அதிகம். இவற்றுக்குப் பெரும்பாலும் ஒற்றை ரக எண்ணெயே குறிக்கப்பட்டிருக்கும். பழைய கையேடுகளில், குளிர் காலத்துக்கு ஒரு எண்ணும் வெயில் காலத்துக்கு அதைவிடக் கூடுதலான எண்ணும் தந்திருப்பார்கள். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வெயில் கால வரியையே பார்க்க வேண்டும்.

நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள் ஓடும் 5 குதிரைத் திறன் டீசல் என்ஜின்களுக்கு எஸ்.ஏ.இ. 40, அல்லது 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆகியவற்றில் ஒன்று குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 பொருந்தும். பவர் டில்லருக்கும் அதன் கையேட்டின்படியே ஊற்ற வேண்டும்.

50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றில் சில, புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உடையவை. அத்தகைய வண்டியில் சாதாரண எண்ணெயை ஊற்றினால், எரிந்த எண்ணெயின் சாம்பல் வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும். குறைந்த சாம்பல் தரும் எண்ணெய் என்று கையேடு சொன்னால் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு பம்பு என்ஜின்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி மசகு எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் தண்ணீராகிவிடும். இவற்றுக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் குறைத்தே வைக்க வேண்டும்.

முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான், களை வெட்டும் கருவி ஆகியவற்றில் இரண்டு வீச்சு என்ஜின் இருந்தால் அதற்கு எண்ணெய்த் தொட்டியே கிடையாது. பெட்ரோலிலேயே 2டி எனப்படும் எண்ணெயைக் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்ற விகிதமானால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி; 25-க்கு 1 என்றால் 40 மில்லி. டிராக்டர் எண்ணெயை இதில் கலந்தால் கரி படிந்து புகைவழி அடைபடும். நான்கு வீச்சுத் தெளிப்பானாக இருந்தால் பெட்ரோலில் எண்ணெய் கலக்கக் கூடாது. அதற்குத் தனியே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளட்சும் கியரும் என்ஜின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். ஆதலால் கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக் கூடும். இரு சக்கர வாகனத்துக்கென விற்கப்படுவதையே வாங்க வேண்டும்.

காரைப் பொறுத்த வரை, பழைய மாதிரி கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஊற்றிப் பழகியவர்கள், புதிய பெட்ரோல் காருக்கும் அதையே ஊற்ற நினைப்பார்கள். இன்றைய கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மெல்லிய எண்ணெயே குறிக்கப்படுகிறது. அவற்றின் சந்துகள் மிகக் குறுகியவை. எண்ணெய் செல்லும் துளைகளும் சிறியவை. கெட்டி எண்ணெய் அங்கே நேரத்தில் சென்று சேராது. பெட்ரோல் செலவும் கூடும்.

கெட்டியாக இருந்தால் உழைக்குமா?

"கெட்டி எண்ணெய் போட்டால் என்ஜின் நெடுநாள் உழைக்கும்" என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் குறுகிய சந்துக்குள் விரைந்து நுழையாது. அதை இறைக்கவே என்ஜினின் சக்தி ஒரு பகுதி செலவாகும். அதற்கும் டீசல் எரிய வேண்டும். தொட்டியிலிருந்து எண்ணெயைத் தெறிக்கச் செய்து மசகிடும் சிறு என்ஜின்களில், கெட்டி எண்ணெய் போதிய அளவு தெறிக்காமல் மேல் பாகங்கள் வறண்டுபோகும்.

மறுபுறம், தேவைக்குக் குறைந்த பாகுத்தன்மை உள்ள எண்ணெய், கோடை வெயிலில் முழுச் சுமையில் நாள் முழுதும் ஓடும் என்ஜினில் படலம் அறுந்து பேரிங்கைக் கெடுக்கும். ஆகவே கெட்டியும் கேடு, நீர்ப்பும் கேடு. என்ஜினின் வேகம், சுமை, சூடு, சந்து ஆகிய நான்குக்கும் பொருந்துவதே நல்ல எண்ணெய்.

தேய்ந்த என்ஜின் நீலப் புகை விட்டு எண்ணெய் குடித்தால், ஒரு படி கூடுதலான எண் உள்ள எண்ணெயை ஊற்றும் பழக்கம் உண்டு. கையேடு அந்த எண்ணையும் அனுமதித்தால், அறுவடை வரை தாக்குப்பிடிக்க இது தற்காலிக உதவி. தேய்ந்த ரிங்கும் லைனரும் இதனால் சரியாகிவிடா. அறுவடை முடிந்ததும் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே முறை. கரும்புகைக்கும் எண்ணெயின் கெட்டித் தன்மைக்கும் தொடர்பு இல்லை. அதற்குப் பெரும்பாலும் நாசில், காற்று வடிகட்டி அல்லது அதிகச் சுமையே காரணம்.

தரத்தைக் காட்டும் எழுத்துக்கள்

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. டின்னில் ஏ.பி.ஐ. என்ற எழுத்துக்களை அடுத்து வேறு சில எழுத்துக்கள் இருக்கும். இது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. அடுத்த எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம். சி.எஃப்-4 என்பது 1990-இல் வந்தது, சி.எச்-4 1998-இல், சி.ஐ-4 2002-இல், சி.கே-4 2016-இல் வந்தது. இவற்றில் உள்ள 4 நான்கு வீச்சு என்ஜினைக் குறிக்கும்.

கையேட்டில் சி.எஃப்-4 என்று இருந்து கடையில் சி.எச்-4 அல்லது சி.ஐ-4 கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். சி.ஐ-4 கேட்கும் டிராக்டருக்கு சி.எஃப்-4 ஊற்றுவது தவறு. மலிவு என்று எண்ணித் தரத்தில் இறங்கக் கூடாது. கரியைக் கரைத்து வைக்கும் திறன் குறைந்த எண்ணெயில், ரிங்குகள் கரியால் ஒட்டிக்கொண்டு என்ஜினின் இழுவை குறையும்.

90 எண் எண்ணெயை என்ஜினுக்கு ஊற்றலாமா?

கியர் பெட்டிக்குரிய எண்ணெயில் 90, 140 என்ற எண்கள் உள்ளன. 40-ஐ விட 90 இரு மடங்கு கெட்டி என்று கருதி அதைத் தேய்ந்த என்ஜினில் ஊற்றியவர்களும் உண்டு. கியர் எண்ணெயின் எண் வரிசை வேறு, என்ஜின் எண்ணெயின் எண் வரிசை வேறு. கியர் எண்ணெய் 90, சூட்டில் ஏறத்தாழ என்ஜின் எண்ணெய் 40 அல்லது 50 அளவுக்கே கெட்டியாக இருக்கும். அதில் உள்ள சேர்க்கைப் பொருள்கள் பல் சக்கரங்களுக்காகச் சேர்க்கப்பட்டவை. அவை என்ஜின் பேரிங்கை அரிக்கும். கரியைத் தாங்கும் சக்தியும் அதற்கு இல்லை. அதேபோல், எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டர்களின் பின்புறப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அங்கே என்ஜின் எண்ணெயை ஊற்றினால் பிரேக் பிடிப்பதில் கோளாறு நேரிடும்.

எப்போது மாற்றுவது?

டிராக்டரில் மணி காட்டும் கருவி இருக்கிறது. கையேட்டில் 250 மணி என்றால் அதைப் பார்த்து மாற்றிவிடலாம். பம்பு என்ஜினில் அது இருப்பதில்லை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. 5 குதிரைத் திறன் என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் டீசல் எரிக்கும். எனவே 20 லிட்டர் கேன் ஒன்று தீர்ந்தால் ஏறத்தாழ 20 மணி ஓடியதாகக் கொள்ளலாம். கையேடு 100 மணி என்று சொன்னால் 5 கேன்களுக்கு ஒரு முறை. 250 மணி என்றால் 12 கேன்களுக்கு ஒரு முறை. கொட்டகைச் சுவரில் கரிக்கோடு போட்டு வந்தாலே போதும்.

நாளொன்றுக்கு 6 மணி இறைத்தால் 42 நாட்களில் 250 மணி ஆகிவிடும். ஒரு குறுவை முடிவதற்குள் இரண்டு முறை எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும். "ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு மாற்றுவேன்" என்ற கணக்கு இங்கே பொருந்தாது. புதிய என்ஜினிலும், ரீபோர் செய்த என்ஜினிலும் முதல் எண்ணெயைக் கையேட்டில் குறித்தபடி விரைவிலேயே மாற்ற வேண்டும். புதுப் பாகங்கள் உரசிப் பொருந்தும்போது உதிரும் உலோகத் தூள் அதில் சேர்ந்திருக்கும். குறைவாக ஓடும் என்ஜினிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணெயை மாற்றுவது நலம்.

என்ஜினைச் சற்று நேரம் ஓட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். எண்ணெய் வடிகட்டியையும் உடன் மாற்ற வேண்டும். பழைய வடிகட்டியை வைத்துக்கொண்டு புது எண்ணெய் ஊற்றுவது, கழுவாத குடத்தில் நல்ல தண்ணீர் பிடிப்பது போன்றது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம். உள்ளே தங்கும் மிச்சம் புது எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெய் நிரப்பிய காற்று வடிகட்டியிலும் கையேட்டில் குறித்த எண்ணெயைக் கோடு வரை ஊற்ற வேண்டும். புழுதி உழவின்போது அதை நாள்தோறும் திறந்து பார்ப்பது அவசியம்.

அளவுக் கம்பியும் நிறமும்

ஒவ்வொரு நாளும் கிளப்பும் முன், சமதளத்தில் வைத்து அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த என்ஜினானால் நிறுத்திப் 10 நிமிடம் கழித்துப் பார்க்கலாம். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் இடையே இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் பேரிங்கைத் தாங்காது.

டீசல் என்ஜினில் புது எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கி வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வேறு மூன்று அடையாளங்களுக்கு அஞ்ச வேண்டும். எண்ணெய் ஊற்றாமலே அளவு உயர்ந்து டீசல் வாடை வீசினால், நாசிலோ டீசல் பம்போ கசிகிறது. பால் கலந்தது போல் வெளுத்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. விரலிடையே தேய்க்கும்போது நறநறவென்றால், மண்ணோ உலோகத் தூளோ சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றில் எது தென்பட்டாலும் என்ஜினை உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டு ஓரிரு மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் பயன் தரும். கறுப்பு சீராகப் பரவியிருந்தால் எண்ணெய் இன்னும் வேலை செய்யும். நடுவில் தார் போல் திட்டாக நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் மட்டும் பரவினால், கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது; மாற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்காமல், முத்திரை உடையாத டின்னையே வாங்க வேண்டும். எஸ்.ஏ.இ. எண், ஏ.பி.ஐ. எழுத்து, தயாரித்த மாதம், தொகுதி எண் ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, ரசீது பெற்றுக்கொள்வது அவசியம். காலியான டின்னைத் துளையிட்டோ வெட்டியோ போட்டால், அதில் போலி எண்ணெயை நிரப்பி விற்பது தடுக்கப்படும். அவசரத்துக்கு வேறு நிறுவனத்தின் அதே எண், அதே தர எண்ணெயைச் சிறிது சேர்ப்பதால் கெடுதல் நேராது. எண்ணெய் குறைந்த நிலையில் ஓட்டுவதே பெரிய கெடுதல்.

கழிவு எண்ணெயை என்ன செய்வது?

வடித்த எண்ணெயைக் கறையானுக்கு ஊற்றுவதும், மாட்டின் உண்ணிக்குப் பூசுவதும், வாய்க்காலில் கொட்டுவதும் பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. கழிவு எண்ணெயில் உலோகங்களும், புற்று நோயை உண்டாக்கக் கூடிய கரிப் பொருள்களும் சேர்ந்திருக்கும். மாடு தன் உடலை நக்கும்போது அவை வயிற்றுக்குள் போகும். மண்ணில் ஊற்றினால் மண்புழுவும் நுண்ணுயிர்களும் மடியும்; கிணற்று நீரிலும் இறங்கும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இது அபாயகரமான கழிவாகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிப்போருக்கு அனுப்பும் பட்டறையிலோ முகவரிடமோ கொடுத்துவிட வேண்டும். எண்ணெய் மாற்றியபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது.

சுருங்கச் சொன்னால்

என்ஜினுக்குரிய எஸ்.ஏ.இ. எண்ணையும் ஏ.பி.ஐ. எழுத்தையும் கையேட்டிலிருந்து எடுத்து, என்ஜின் கொட்டகைக் கதவில் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் யார் கடைக்குப் போனாலும் அதைப் பார்த்து வாங்கி வரலாம். நாள்தோறும் அளவுக் கம்பியைப் பார்ப்பதும், கேன் கணக்கு வைத்து எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்து மாற்றுவதும், கிளப்பியவுடன் சுமை கொடுக்காமல் இரண்டொரு நிமிடம் ஓட விடுவதும் பழக்கமாக வேண்டும்.

ஐயம் இருப்பின் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கையேட்டுடன் சென்று கேட்டறியலாம். ஒரு முறை எண்ணெய் மாற்ற ஆகும் செலவையும், கிராங்க் தண்டு கடைந்து, பேரிங் மாற்றி, அதற்குள் கதிரும் பதராகும் நட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எதில் சிக்கனம் செய்ய வேண்டும், எதில் கூடாது என்பது விளங்கும்.